வி ஏ எல் ஐ

இரவு பதினொன்று இருபதுக்கு
செங்கோட்டுவேலுவிடமிருந்து வந்தது.
அக்கா. பிறகு வி ஏ எல் ஐ. பிறகு தெரியல.
அவ்வளவுதான், எல்லாமே ஆங்கில எழுத்தில்.
முற்றுப்புள்ளி கிடையாது. அவனிடம் அது எப்போதுமே கிடையாது.

எனக்கு வேலை
இரண்டாவது அக்ரஹாரத்தில், கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில்.
பதினான்கு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறேன்.
அழைப்பிதல் என்று எழுதிக் கொண்டுவருவார்கள்,
அழைப்பிதழாக வாங்கிப்போவார்கள்.
சுற்றமும் நட்ப்பும் சூழ வந்த எத்தனையோ பேரின்
நட்பில் ஒரு ப்-பை நான் பிடுங்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தாலும் கை நிற்காது.
பெரியப்பா மகன் விடிந்ததும் காலை வனக்கம் என்பார்.
மூணு சுழி, என்பேன்.
இப்போதெல்லாம் அவர் பூப்படம் மட்டும் அனுப்புகிறார்.

செங்கோட்டுவேலு ஏற்காட்டில்,
நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் ஜீப் ஓட்டுகிறான்.
முன்பு தமிழில்தான் எழுதுவான்.
போன ஆடியில் அவன் பெண்டாட்டி
துணிப்பையோடு பஸ் ஏறிப் போன அன்று
மனசு கணக்குதுக்கா, என்று எழுதினான்.
கனக்குது. ரெண்டு சுழி,
என்று எழுதினேன் நான்.

அதோடு சரி.
ஆங்கில எழுத்தில் யாராலும் சுழி எண்ண முடியாது.

வி ஏ எல் ஐ.
வழி தெரியல என்றால் பனி.
கார்த்திகையில் மலை அப்படித்தான்,
முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தனியாகப் போகும்.
ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவும் அவனுக்கு மனப்பாடம்.
எந்த வளைவில் எந்தக் குரங்கு என்றுகூடச் சொல்வான்.

அப்போ வலி.
வலி தெரியல.
விழுந்தவன் முதல் ஐந்து நிமிஷம் அதைத்தான் சொல்வான்.
நாலு நாளாகக் குடிப்பவனும் அதைத்தான் சொல்வான்.

இல்லை, வழியேதான்.
ரோட்டு வழி இல்லை.
இனி என்ன செய்ய என்கிற வழி.

கூப்பிட்டேன். டவர் இல்லை.
கிடைத்திருந்தால் மட்டும்?
எங்கள் வீட்டு நாக்கில் ழகரம் ஏறாது,
அப்பா சாகும்வரை லீ பஜாரில் வாளப்பளம்தான் விற்றார்.
எந்த லி, என்று தட்டினேன். அழித்தேன்.
அடி பட்டுச்சா, என்று தட்டினேன். அழித்தேன்.
கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டி,
இந்நேரத்துக்கு செக்போஸ்ட்டில் விடுவார்களா தெரியாது,
ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன்.
செருப்பு ஒன்று கட்டிலுக்கு அடியில்.

பதினொன்று நாற்பத்தொன்று.
பைப்புல தண்ணி வந்துருச்சு
போன வாரம் துணி தொவச்சியே
எங்க வெச்ச

வாளி.

பச்சை வாளி, கைப்பிடி ஒரு பக்கம் கழன்றது.
நெடிலுக்கு இன்னொரு ஏ போட
விரல் வலிக்குமாம் துரைக்கு.

கட்டிலில் உட்கார்ந்தேன். சாவி இன்னும் கையில்தான்.
மற்ற இரண்டையும் நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
தண்ணி அரை மணி நேரம்தான் வரும் அங்கே.

வேகமாகத் தட்டினேன்:
குளியலறை கதவுக்குப் பின்னாடி இருக்கு பாரு.

போன பிறகுதான் கண்ணில் பட்டது.
அறைக்கும் கதவுக்கும் நடுவில்
ஒற்று விட்டுப்போயிருந்தது.
பதினான்கு வருடம்.
என் கை.

உடனே பதில்.
சரி என்பதற்கு அவன் போடுவது எப்போதும் ஒற்றை எழுத்து,
ஆங்கிலத்தில் கே.
எத்தனை முறை திட்டியிருப்பேன் அதற்கு,
ஒரு சொல்லை முழுசாக எழுத முடியாதா உன்னால் என்று.

இன்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நான் விட்டது
அதுதான்.